சுகமானவனுக்கு பென்ஷன் கிடையாது

ஏஞ்சலம்மாள் கணவனிடம் அடி வாங்கிய வருஷங்கள் பதினொன்று. அடி வாங்காத வருஷங்கள் பதினைந்து. இந்தப் பதினைந்தைத்தான் அவள் தன் ஆயுசு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். முந்தின பதினொன்றைப் பற்றிக் கேட்டால், "அது கெடக்கு" என்பாள். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டாள்.

அவள் சொல்லாவிட்டால் என்ன, தாராவியில் அந்தச் சந்துக்கே தெரியும். அவள் புருஷன் மரியஅந்தோணி உவரிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் பம்பாய்க்கு வந்தவன். செம்பூரில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் டிரம் நிரப்பும் வேலை. இருநூறு லிட்டர் டிரம்மை இரண்டு பேர் சேர்ந்து சாய்ப்பார்கள், இவன் ஒற்றை ஆளாகச் சாய்த்து உருட்டிக்கொண்டு போவான். அந்தக் கை சாயங்காலம் சாராயத்தோடு வீட்டுக்கு வரும். முதல் தடவை அடித்தது சோற்றில் கல் கிடந்ததற்காக. இரண்டாம் தடவை குழாயடியில் எவனோடோ சிரித்தாள் என்பதற்காக. அப்புறம் காரணமெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு விலா எலும்பு, ஒரு மணிக்கட்டு, இடது காதின் சவ்வு என்று ஒவ்வொன்றாகப் போனது. அடிக்கிற சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்தார் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அப்படிப்பட்ட நல்லவர்கள் எந்த ஊரிலும் குறைவில்லாமல் இருக்கிறார்கள்.

அவளும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தவள் இல்லை. ஒருமுறை கொதிக்கிற கஞ்சியைப் பானையோடு அவன் காலில் கவிழ்த்தாள். இன்னொருமுறை தூங்குகிறவன் முட்டியில் அம்மிக் குழவியைப் போட்டாள். இரண்டுக்கும் சேர்த்து வாங்கினாள். அடி வாங்கி வாங்கி அவளுக்கு ஒரு படிப்பு வந்திருந்தது. கை முழங்கையிலிருந்து வந்தால் இரண்டு அடியோடு நிற்கும். தோளிலிருந்து வந்தால் ஆஸ்பத்திரிதான். ஓங்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும்.

அதை நிறுத்தியது பாஸ்டர் ஜாபெஸ். ஒரு தோல்பை பட்டறைக்கு மேலே இரும்பு ஏணி வைத்த மாடியில் அவர் சபை நடத்திவந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஏஞ்சலம்மாளின் மகள் ரீனா பத்து வயதுப் பிள்ளையாக ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். அவர் உள்ளே வந்த வேகத்தில் மரியஅந்தோணி விட்ட குத்தில் மூக்கு உடைந்தது. உடைந்த மூக்கோடு வாசலிலேயே உட்கார்ந்து ஜெபித்தார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்று மாதம் ஒருநாள் விடாமல் வந்தார். கடைசியில் மரியஅந்தோணி பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மாதா கோயிலை விட்டு அவருடைய சபையில் சேர்ந்தான். அதற்குப்பிறகு ஒரு துளி குடிக்கவில்லை, ஓர் அடி அடிக்கவில்லை. கோபம் வந்தால் வெளியே போய்த் தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வருவான்.

அவனை அவள் மன்னித்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மன்னிப்பு என்பது வசதி உள்ளவர்கள் செய்கிற காரியம். அவளுக்குத் தூக்கம் வந்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷம் மழைக்காலத்தில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. பரேல் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி, ஈரல்வரை போய்விட்டது, அறுக்க முடியாது என்றார்கள். ஊசிமருந்து நான்கு சுற்று ஏற்றினார்கள். கம்பெனியில் லீவு கரைந்துகொண்டே வந்தது. யூனியன்காரன் ஷகீல் ஒருநாள் வீட்டுக்கு வந்து, கம்பெனியின் பென்ஷன் டிரஸ்ட் விதியை விளக்கினான். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவன், தமிழ் நன்றாகவே பேசுவான்.

"பாபி, கவனமா கேளுங்க. அந்தோணி பாயிக்கு அம்பத்துமூணு வயசுதான். சாதாரணமா பென்ஷன் அம்பத்தெட்டுல. ஆனா சீரியஸ் பீமாரி, பெரிய வியாதின்னா, டிரஸ்டோட டாக்டர் 'இனிமே இவரால வேலை செய்ய முடியாது'ன்னு எழுதினா, இப்பவே முழு பென்ஷன். பாயிக்கு அப்புறம் பாதி உங்களுக்கு, கடைசிவரைக்கும். டாக்டர் எழுதலேன்னா லீவு முடிஞ்ச அன்னிக்குப் பேரை வெட்டிருவாங்க. பேரை வெட்டிட்டா போட்ட பைசா மட்டும்தான் திரும்ப வரும். மாசாமாசம்னு ஒண்ணும் கிடையாது."

ஏஞ்சலம்மாள் ஒரு ஜீன்ஸ் பட்டறையில் தாகா கட்டிங் வேலை செய்தாள். தைத்த உடுப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுகிற வேலை. அதில் வருவது அரிசிக்கும் கரண்டுக்கும் சரியாகப் போகும், அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையான கோலிக்கு வாடகை நிற்காது. ரீனா கோபர்கைரனேயில் கட்டிக்கொடுத்த இடத்தில் மாமியாரோடு ஒண்டிக்கொண்டிருந்தாள். ஆகவே அந்தப் பென்ஷன் வந்தால் அவள் அந்தக் கோலியில் இருப்பாள், வராவிட்டால் தெருவில் இருப்பாள். இதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஜனவரியில் எல்லாக் காகிதமும் போய்ச் சேர்ந்தது. ஷகீல், "பாஸ் ஆயிரும்" என்றான்.

பிப்ரவரியில்தான் மரியஅந்தோணி சபையில் சாட்சி சொன்னான்.

அந்தச் சபையின் வழக்கத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவனைப் பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவார்கள். அங்கே சுகம் கிடைத்தபிறகு நன்றி சொல்லமாட்டார்கள், கிடைக்குமுன்பே சொல்வார்கள். வீடு வேண்டுமானால் "வீடு தந்தீரே" என்பார்கள், பிள்ளை வேண்டுமானால் "பிள்ளை தந்தீரே" என்பார்கள். கண்ணால் பார்த்தபிறகு யார் வேண்டுமானாலும் சொல்லலாமே, அதில் விசுவாசம் எங்கே இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. ஆகவே நான்காவது ஊசிமருந்து முடிந்து வயிற்று வீக்கம் கொஞ்சம் வடிந்ததும், மரியஅந்தோணி மேடையில் ஏறி மைக்கைப் பிடித்து, "டாக்டர்மார் கைவிட்ட கட்டி இன்னைக்கு என் வயித்துல இல்ல. நான் பூரண சுகமாயிட்டேன்" என்றான். சொன்னதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். சபையே எழுந்து கைதட்டியது. வழக்கம்போல அதையும் வீடியோ எடுத்து யூடியூபில் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் ரத்த வாந்தி எடுத்தான். அதைக் கழுவி ஊற்றியது ஏஞ்சலம்மாள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஏப்ரலில் டிரஸ்டிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. உறுப்பினர் தாம் முழுக் குணமடைந்துவிட்டதாகப் பொது மேடையில் அறிவித்திருப்பதால் அவருடைய விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ரீனா படித்துச் சொன்னாள். எந்தப் புண்ணியவானோ வீடியோவை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறான்.

ஏஞ்சலம்மாள் ஷகீலைக் கூட்டிக்கொண்டு செம்பூர் ஆபீசுக்குப் போனாள். டிரஸ்ட் செயலாளர் வெங்கடேஸ்வரன் மாட்டுங்காவாசி, மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். நெற்றியில் சன்னமாக ஒரு கீற்று விபூதி. அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பி அந்த வீடியோவைக் காட்டினார்.

"நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன பண்ணட்டும்? வியாதி இருக்குன்னு பேப்பர் சொல்றது. இல்லேன்னு ஆளே சொல்றார். பேப்பரும் ஆறு மாசத்துக்கு முந்தினது. புதுசா ஸ்கேன் எடுத்துண்டு வாங்கோன்னு ரெண்டு தடவை எழுதினோம், வரமாட்டேன்னுட்டாராமே?"

அது உண்மைதான். சுகமானவன் எதற்கு ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று மரியஅந்தோணி பரேல் பக்கமே போகாமல் இருந்தான்.

"சார், அது கோயில் பேச்சு சார். கோயில்ல சொன்னத ஆபீஸ்ல கொண்டு வரலாமா?"

"போன வருஷம் ஒருத்தன் பொய்யா கிட்னி பேப்பர் கொடுத்து பென்ஷன் வாங்கிட்டான்மா. ஆடிட்ல மாட்டிண்டு முழிச்சது நான்தான். இந்தக் கேனைப் பாருங்கோ. இருபது கிலோ. நான் தூக்குவேனா இதை?"

திரையில் மரியஅந்தோணி கேனைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். ஏஞ்சலம்மாளின் கையில் தண்ணீர்த் தம்ளர் இருந்தது. அது எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. திரை நடுவில் வெடித்து, சிரிப்பு கறுத்துப்போனது. இரண்டு கிளார்க்குகள் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தார்கள், ஒருவன் "போலீசைக் கூப்பிடு" என்றான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் பட்டன் மூன்று தெறித்தது. ஷகீல் குறுக்கே விழுந்து ஒரு குத்து வாங்கினான்.

வெங்கடேஸ்வரன் எழுந்து எல்லாரையும் விலகச் சொன்னார். சட்டையில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, "ஸ்க்ரீன் போனா போறது, விடுங்கோ" என்றார். "பதினெட்டாம் தேதி கமிட்டி கூடறது. டாக்டரும் இருப்பா. உங்க வீட்டுக்காரரை அழைச்சுண்டு வாங்கோ. 'அது சபை வழக்கம், எனக்கு உடம்பு சரியாகல்லே'ன்னு அவர் வாயால சொல்லட்டும், சட்டையைக் கழட்டி டாக்டர்ட்ட காட்டட்டும். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் அடித்துவிட்டாவது வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறையில் அவசர வேலை. கழுத்தில் நாடாவில் தொங்கிய நூல் கட்டரோடு பாதி வேலையில் எழுந்து, ஏஞ்சலம்மாள் சபைக்குப் போனாள். இரும்பு ஏணியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினாள். பாட்டு உச்சத்தில் இருந்தது. நேராக மேடைக்குப் போய் மைக் வயரைக் கட்டரால் வெட்டினாள். ஸ்பீக்கர் 'கீய்' என்று கத்திவிட்டு அடங்கியது.

பாஸ்டரின் மனைவி ஆனி பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்தாள். ஏஞ்சலம்மாள் ஆனியின் முழங்கையைக் கடித்தாள். நான்கு ஆண்கள் அவளைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். அவள் உதைத்ததில் கீபோர்டு ஸ்டாண்டோடு சரிந்தது, மைக் ஸ்டாண்டு சுழன்று பாஸ்டர் ஜாபெஸின் புருவத்தைக் கிழித்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் ஒழுகியது. யாரோ ஒருவர் அந்த அமளியிலும் அந்நியபாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க அக்காவ" என்றார் பாஸ்டர். "எல்லாரும் விடுங்க."

தரையில் விழுந்த ஏஞ்சலம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். "அந்த வீடியோவ எடும்" என்றாள் மூச்சு வாங்க.

"அத நேத்தே எடுத்துட்டேன்க்கா. ரீனா போன் பண்ணிச்சு."

"எடுத்துட்டீரா? அத மொதல்லயே சொல்லப்படாதா?"

"எங்கக்கா சொல்ல விட்டிய?"

அவள் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆனி கடிபட்ட கையைத் தடவிக்கொண்டே அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு துண்டால் புருவத்தை அழுத்திக்கொண்டு பாஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"லெட்டர் எழுதித் தாரேன்க்கா. எங்க சபை வழக்கம் இது, விசுவாசத்துல சொல்லுதது, டாக்டர் சர்ட்டிபிகேட்டா எடுக்கப்படாதுன்னு எழுதுதேன். ஆபீசுக்கும் நானே வேணும்னாலும் வாரேன். ஆனா அண்ணன் சொல்லணும்லா?"

"நீரு சொல்லும் அவருட்ட. உம்ம பேச்சத்தான கேப்பாரு."

"சொல்லிப் பாத்துட்டேன்க்கா." பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னையே அவிசுவாசின்னுட்டாரு."

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். மரியஅந்தோணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலையில் வைத்துவிட்டுப்போன கஞ்சி அப்படியே இருந்தது. கால் இரண்டும் மெலிந்து, வயிறு மட்டும் மறுபடியும் புடைக்கத் தொடங்கியிருந்தது. அவள் தலை கலைந்திருப்பதைப் பார்த்தும் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சு வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"பதினெட்டாந் தேதி ஒரே ஒரு வார்த்த சொல்லிரும்" என்றாள் அவள். "எனக்குச் சரியாகலன்னு சொல்லிரும். வீட்டுக்கு வந்து சாமிட்ட மாப்புக் கேட்டுக்கிடும். அவருக்குத் தெரியாதா நம்ம நெலம?"

"நான் சுகமாயிட்டேன்ளா."

"ரத்தமா கக்குதீரு."

"அது பழைய அழுக்கு வெளிய போவுது."

"அப்ப நான் நாளைக்கு எங்க போய் நிக்க? அத சொல்லும்."

அவன் தன் வலது கையை மடியில் மல்லாத்திப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"என்கிட்டயிருந்து பாட்டில எடுத்தது யாரு, ஆண்டவரு இல்லியா? அவருதான. கட்டிய எடுத்தேன்னு சொன்னதும் அவருதான. ஒண்ணு பொய்யின்னு நான் எந்திரிச்சி நின்னு சொன்னா, ரெண்டும் பொய்யாயிருமே. பதினஞ்சு வருசமா இந்தக் கைய யாரு பிடிச்சிக்கிட்டு இருக்கான்னு நெனைக்க? அவரு விட்டுட்டா நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? சாகக் கிடக்கிறவனைப் பார்த்து அவள் பயந்தாள். ஆறிப்போன கஞ்சியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

பதினெட்டாம் தேதி அவன் குளித்து, சபைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டான். பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போடவேண்டியிருந்தது. செம்பூர் ஆபீஸ் முதல் மாடியில். கைப்பிடியைத் தொடாமல் ஏறினான். மேலே வந்தபோது முகம் சுண்ணாம்பாக வெளுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெங்கடேஸ்வரன், கம்பெனி அதிகாரி ஒருவர், டிரஸ்டின் டாக்டரம்மா, தொழிலாளர் பக்கம் ஷகீல் என்று நான்கு பேர் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

வெங்கடேஸ்வரன் பாஸ்டரின் கடிதத்தைப் படித்தார். "இது நியாயமான விளக்கம்தான். மரியஅந்தோணி, நீங்க என்ன சொல்றேள்?" என்றார்.

"நான் சுகமா இருக்கேன் சார்."

டாக்டரம்மா இந்தியில் கேட்டாள், பசிக்கிறதா, தூங்குகிறீர்களா, எடை குறைந்ததா என்று. அவன் ஒவ்வொன்றுக்கும் "ஏக்தம் டீக்", எல்லாம் சரியாக இருக்கிறது என்றான். சட்டையைக் கழற்றச் சொன்னாள். "வேண்டாம் மேடம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று பட்டனைக் கையால் பொத்திக்கொண்டான். கம்பெனி அதிகாரி பேனாவை மூடினார். ஷகீல் தலையில் கைவைத்தான்.

வெங்கடேஸ்வரன் ஏஞ்சலம்மாளைப் பார்த்தார். விண்ணப்பத்தைத் தள்ளி எழுதப் போகிறேன் என்பதைப்போல இருந்தது அந்தப் பார்வை.

அவள் எழுந்தாள். திட்டம் போட்டு எழுந்தாள் என்று பின்னால் சந்தில் பேசிக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இருபத்தாறு வருஷமாக அடிவயிற்றில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஒம்ம சாமி ஒண்ணையும் எடுக்கல, கேட்டீரா? கட்டியும் எடுக்கல, பாட்டிலயும் எடுக்கல. நீரு திருந்தவே இல்ல. பொட்டச்சிய அடிக்க மட்டுந்தான் ஒமக்குத் தெரியும். வயசு ஏற ஏற பயம் வந்துட்டு. அடிச்சா மவ போலீசுக்குப் போவான்னு பயம். அந்தப் பயத்துக்கு ஏசுன்னு பேரு வச்சிக்கிட்டீரு. அவரு ஒம்ம கையப் பிடிச்சிருக்காராக்கும். ஒம்ம கைய எவனும் பிடிக்கல. நீரு பேடி."

"ஏளா, நிறுத்து" என்றான் மரியஅந்தோணி. குரல் பழைய குரலாக இருந்தது.

"என்ன செய்வீரு? என்ன செய்வீரு இப்ப?"

அவன் எழுந்தான். கை மேலே போனது. தோளிலிருந்து வந்தது. அவளுக்கு அந்த அடி தெரியும், காது போனது அதில்தான். கண் தானாக மூடியது, பல் கடித்துக்கொண்டது, கழுத்து நரம்பு விறைத்தது. பதினைந்து வருஷம் சும்மா இருந்த உடம்பு ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

கை வந்து கன்னத்தில் பட்டது.

பட்டது என்றுதான் சொல்லவேண்டும். கொடியில் காய்கிற ஈரத்துணி காற்றில் முகத்தில் மோதினால் அதைவிட உறைத்திருக்கும். அவள் கண்ணைத் திறந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, கண் சிவந்து, தன்னிடம் இருந்த அத்தனை பலத்தையும் போட்டு அடித்திருந்தான். ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அடித்த வேகமே அவனை இழுத்துக்கொண்டு போனது. மேஜை விளிம்பில் நெற்றி மோதி, நாற்காலியோடு தரையில் விழுந்தான்.

நெற்றி பிளந்து ரத்தம் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. டாக்டரம்மா ஓடிவந்து சட்டையைக் கிழித்துத் திறந்தாள். எலும்புக்கூட்டின்மேல் குடத்தைக் கவிழ்த்ததுபோல வயிறு. மஞ்சள் பூத்த தோல். அவள் இரண்டு இடத்தில் அழுத்தியதும் அவன் அலறினான். ஷகீல் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

கம்பெனி அதிகாரி மட்டும் எழாமல், "புருஷனும் பெண்டாட்டியும் நன்றாக நாடகம் போடுகிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னார். டிராமா என்ற சொல் ஏஞ்சலம்மாளுக்குப் புரிந்தது. அவர் முன்னால் இருந்த பைலைத் தூக்கி அவர் முகத்திலேயே அடித்தாள். காகிதமெல்லாம் சிதறியது.

"டிராமாவா? இந்தக் கை என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். பதினோரு வருசம் வாங்கினவ நான். ஒங்க ஸ்கேன் எனக்கு வேண்டாம். இவரு இப்ப அடிச்சாருல்லா, அது முழு அடி. எனக்கு ஒண்ணும் ஆவல. இந்தா நிக்கேன் பாருங்க, ஒண்ணும் ஆவல. இந்த மனுசன் சாவப் போறாரு. எழுதுங்க."

அதை டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கிய வெங்கடேஸ்வரன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவும் இல்லை. நெற்றிக்குக் கட்டுப் போட்டு முடித்ததும், தரையில் உட்கார்ந்தபடியே படிவத்தை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இனி எந்த வேலைக்கும் தகுதியில்லை, நிரந்தரமாக. பிறகு அதிகாரியிடம் நீட்டினாள். அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆர்டர் வந்துடும்மா" என்றார் வெங்கடேஸ்வரன். வாசல்வரை வந்து, டாக்ஸி பிடிக்க ஆளும் அனுப்பினார். ஷகீல் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்றான்.

ஜெயித்தாகிவிட்டது. கோலி போகாது, வாடகை கொடுக்கலாம், அவனுக்கு அப்புறமும் பாதி வரும். ஏஞ்சலம்மாள் இதையெல்லாம் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். எங்கே பட்டது என்றுகூடத் தெரியவில்லை. அந்தக் கையை அவள் எத்தனை நாள் சபித்திருக்கிறாள், புழுத்துப் போகட்டும், விளங்காமல் போகட்டும் என்று. அது விளங்காமல் போனபிறகு அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகத் தன்மேலேயே கோபமும் வந்தது.

சயானில் வண்டிகள் நகரவில்லை. மரியஅந்தோணி கதவோரம் சாய்ந்து, கட்டுப் போட்ட தலையோடு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பதினைந்து வருஷம் காப்பாற்றி வைத்திருந்ததை இன்றைக்கு அவன் போட்டு உடைத்துவிட்டான். அது அவன் முகத்தில் எழுதியிருந்தது.

"ஏளா" என்றான், திரும்பாமல். "வலிச்சுதா?"

வலிக்கவில்லை என்று சொன்னால் அவன் பாவம் குறையும், ஆனால் சாவு உறுதியாகிவிடும். வலித்தது என்றால் அவன் மறுபடியும் பழைய மரியஅந்தோணி. எதைச் சொன்னாலும் அவனைக் கொல்வதுதான்.

"வலிச்சுது" என்றாள். "நல்லா வலிச்சுது."

அவன் தலையைக் குனிந்து, "ஆண்டவரே, என்னை மன்னியும்" என்று முணுமுணுத்தான். ஆனால் அதற்கு முன்பு ஒரே ஒரு கணம் அவன் முகத்தில் சந்தோஷம் வந்துபோனதை அவள் பார்த்துவிட்டாள். தன் கையில் இன்னும் பலம் இருக்கிறது என்கிற சந்தோஷம். அதைப் பார்த்ததும் அவள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவனை ஓங்கி ஓர் அறை விடுவதற்கு அவள் கை எழுந்தே விட்டது.

எழுந்த கையால் டிரைவரின் சீட்டைத் தட்டினாள். "பையா, ஜல்தி சலோ" என்று அவசரப்படுத்தியவள், இவருக்கு ரொம்ப உடம்பு சரியில்லை என்று இந்தியில் சத்தமாகச் சொன்னாள்.

மரியஅந்தோணி மறுத்துப் பேசவில்லை.